இரண்டு ஏக்கரை ஈடு வைக்கும் முன் மகளின் நோட்டைப் பாருங்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. மகள் கணக்கு, கணினி அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசிவிட்டார் சித்தப்பா. பணத்துக்கு இரண்டு ஏக்கர் நஞ்சையை ஈடு வைக்க வேண்டும். "புள்ள எதிர்காலம் சார், பயப்படுறது தப்பா?" என்றார் அந்த அம்மா.

பயம் தப்பில்லை அம்மா. ஈடு வைப்பது தப்பு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் காத்திருக்கும் வீடு, நான்கு வருஷம் தவறாமல் வட்டி கட்ட முடியாது. சித்தப்பா சொல்லும் படிப்பு கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த விலைக்கு வேண்டாம் என்கிறேன். 

அதுவரை வாய் திறக்காத பெண்ணிடம், பொழுதுபோக்காக என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரிவதில் தொடங்கி, தங்கள் ஊர் வாய்க்கால், மதகு, யார் வயலுக்கு எந்த நாள் முறை என்பதுவரை அம்புக்குறி போட்டு வரைந்திருந்தாள். தண்ணீர் நின்றுபோகும் இடங்களில் சிவப்பு மை.

ஐயா, இதே வேலையைத் தகவலுக்குச் செய்கிறவர்களுக்கு, அதாவது எந்த மென்பொருளிலிருந்து எதற்குத் தகவல் போக வேண்டும் என்று வரைந்து திட்டமிடும் 'இன்டக்ரேஷன் ஆர்க்கிடெக்ட்'களுக்கு, நிறுவனங்களில் சம்பளம் தருகிறார்கள்.

ஒரு நவீன அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். எடைமேடைக்கு ஒரு மென்பொருள், இருப்புக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. எடைமேடை கிலோவில் சொல்கிறது. இருப்பு குவிண்டாலில் எதிர்பார்க்கிறது. நடுவில் மாற்றிக் கொடுக்க ஆளில்லை என்றால் 4,000 கிலோ நெல் 4,000 குவிண்டாலாகப் பதிவாகும். பிழை எந்த மென்பொருளுக்குள்ளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுவைத்தான் வரைய வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பெட்டி. ஒவ்வொரு அம்பிலும் எந்தத் தகவல், எந்த அலகில், உடனுக்குடனா ராத்திரி ஒரே கோப்பாகவா, வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று எழுத வேண்டும். ஐந்து மென்பொருளை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 10 இணைப்பு. பத்தானால் 45. பெரிய வங்கியிலும் மருத்துவமனையிலும் இது நூற்றுக்கணக்கில் போகும். வரைபடம் இல்லாமல் அங்கே ஒன்றை மாற்றினால் வேறெங்கோ ஒன்று நின்றுபோகும்.

இது நேற்று முளைத்த துறையும் அல்ல. தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் தரவு ஓட்ட வரைபடம் 1970-களிலேயே வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் மென்பொருள்களையும் படமாக வரைய நெதர்லாந்தில் உருவான ஆர்க்கிமேட் என்ற வரைமொழி, 2009-லிருந்து தி ஓப்பன் குரூப் என்ற சர்வதேசத் தொழில்நுட்ப அமைப்பின் தரநிலை. அதை வரைய 'ஆர்ச்சி' என்ற மென்பொருள் இலவசம். வீட்டுக் கணினியிலேயே போட்டுப் பழகலாம்.

படிப்புக்கு மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பி.எஸ்சி. கணினி அறிவியல், இல்லையென்றால் பி.சி.ஏ. கூடவே எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழி), ஏ.பி.ஐ. (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாசல்), எக்ஸ்.எம்.எல்., ஜேசான் (தகவலை அனுப்ப எழுதும் வடிவங்கள்) இவற்றைத் தானாகக் கற்க வேண்டும். அடிப்படைக் கணக்குப்பதிவும் தெரிய வேண்டும். பில் எப்படிப் பேரேட்டுக்குப் போகிறது என்று தெரியாதவர் அம்பு போட முடியாது. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதவும் பழக வேண்டும், அதில் சலுகை கிடையாது.

முதல் நாளே யாரும் ஆர்க்கிடெக்ட் நாற்காலி தரமாட்டார்கள். சப்போர்ட், டெஸ்டிங், ஒரு மென்பொருளின் எந்தக் கட்டத்திலுள்ள தகவல் மற்றதின் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று பட்டியல் போடும் வேலை, இப்படித்தான் சில வருஷம் போகும். சம்பளமும் ஆரம்பத்தில் சித்தப்பா சொல்லும் தொகை வராது. ஆனால் தலையில் கடன் இருக்காது. கடன் இல்லாத பிள்ளை பிடிக்காத வேலையை விட்டு வரலாம்.

சித்தப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும் ஐயா, மகளைப் பேச விடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கொடுப்பதிலிருந்து வங்கிக் கணக்கில் பணம் விழுவதுவரை என்ன தகவல் எங்கே போகிறது என்று விசாரித்து, ஒரே பக்கத்தில் வரைந்து எடுத்து வரட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.