வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்

கே: இணையத்தில் 'ஃபில்மி ஃபெர்ன்' என்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த செடியின் காம்பு கறுப்புக் கம்பிபோல இருக்கிறது. இலை குட்டி விசிறி மாதிரி. ஏமாந்துவிட்டேனா? - வாசகி, கீழக்கரை

ப: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் அம்மா. வந்திருப்பது அடியாண்டம், நர்சரிகளில் 'மெய்டன்ஹேர்' என்பார்கள். இலை மென்மையாக இருந்தாலே 'ஃபில்மி' என்று பெயர் வைத்து விற்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பெரணி என்றால் ஃபெர்ன்தான். உண்மையான ஃபில்மி பெரணியின் இலை, நரம்பை விட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். இலைத்துளைகள் கிடையாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சைக் கண்ணாடித்தாள்போல ஒளி ஊடுருவும். நரம்புகள் மட்டும் கருங்கோடாகத் தெரியும். அடியாண்டம் அப்படி ஊடுருவாது. அதன் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒட்டாமல் உருண்டோடிவிடும். ஃபில்மி இலை நன்றாக நனையும்.

அடுத்து, 10 மடங்கு லென்ஸில் ஓரத்தைப் பாருங்கள். வித்துக்கூடுகள் (பெரணி பெருகுவதற்கான தூள்போன்ற வித்துகள் இருக்கும் இடம்) இலையின் முதுகில் அல்ல, விளிம்பில், நரம்பு முடியும் இடத்தில் இருக்கும். வித்துக்கூட்டின் உறை சிப்பிபோல இரண்டாகப் பிளந்திருந்தால் ஹைமனோஃபில்லம் என்ற ஃபில்மி வகை. நாகசுர அணசுபோலக் குழலாகி, உள்ளிருந்து ஒரு முடி நீண்டிருந்தால் டிரைக்கோமேனஸ் கூட்டம், அதுவும் ஃபில்மிதான். அடியாண்டத்தில் இலையோரமே கீழே மடிந்து வித்தை மூடியிருக்கும். வித்துக்கூடே இல்லாத இளஞ்செடிக்கு இனப்பெயர் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 2020 மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. விளம்பரப் படம், ரசீது, வந்த செடியின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அசையாவிட்டால் 2 ஆண்டுக்குள் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை.

கே: அஸ்பாரகஸ் ஃபெர்ன் ஃபில்மி வகையா? - பரமக்குடி

ப: அது பெரணியே அல்ல. பூக்கும், காய்க்கும், தண்டில் முள்ளும் உண்டு. பெயரை நம்பி நானும் இரண்டு தொட்டி வாங்கியிருக்கிறேன்.

கே: ராமேஸ்வரத்தில் வாங்கிய 'சஞ்சீவி' உருண்டை தண்ணீரில் விரிகிறது. ஃபில்மி பெரணியும் காய்ந்து உயிர்க்குமாமே, இரண்டும் ஒன்றா? - தங்கச்சிமடம்

ப: இல்லை. அது செலஜினெல்லா, கிளை முழுக்கச் செதில்போலச் சிற்றிலைகள் இருக்கும். ஃபில்மி வகைகளில் சில காய்ந்து மீளும் என்பது உண்மைதான். அதனால் தண்ணீரில் விரிவதை மட்டும் அடையாளமாகக் கொள்ள முடியாது.

கே: ஃபில்மி பெரணியை மொட்டைமாடியில் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். 4 நாளில் கருகிவிட்டது. விற்றவர் பணம் தர மறுக்கிறார். - மண்டபம்

ப: சரியான செடி வந்திருந்தால், தவறு உங்களுடையது. ஒரு செல் இலைக்கு உப்புக் காற்றும் உவர் நீரும் எப்படித் தாங்கும்? மூடிய கண்ணாடித் தொட்டி, மழைநீர், நேர்வெயில் படாத குளிர்ந்த இடம் மூன்றும் இல்லாமல் இதை வாங்கவே கூடாது.

கே: காட்டில் பறித்தது, மலிவு என்கிறார் ஒருவர். - தொண்டி

ப: வாங்காதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம்.