கொதிநிலையிலும் தளராத காந்தங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நியோடிமியம் காந்தத்தின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 312 டிகிரி செல்சியஸ் என்று படித்தேன். எங்கள் மோட்டாரில் இருந்த காந்தம் 130 டிகிரியிலேயே வலுவிழந்தது ஏன்?

பதில்: கியூரி வெப்பநிலை என்பது நிலைக்காந்தத் தன்மை முற்றாக மறையும் எல்லை, காந்தம் வேலைக்கு ஆகாமல் போகும் இடம் அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் காந்தப் பாய அடர்த்தி ஏறத்தாழ 0.12 விழுக்காடுதான் குறைகிறது; ஆனால் எதிர்ப்புலத்தைத் தாங்கும் காந்த நீக்குத்திறனோ 0.6 விழுக்காடு வரை சரிகிறது. அவ்வாறு சரிந்த அளவை மோட்டாரின் எதிர்ப்புலம் மிஞ்சிவிட்டால் நேரும் இழப்பு, ஆறவைத்தாலும் மீளாது. காந்தத் தன்மையை மறுபடியும் ஏற்றத்தான் வேண்டும். தரக்குறியீட்டின் இறுதியில் எழுத்தே இல்லையென்றால் அது பொதுவாக 80 டிகிரிக்கானது. ‘எஸ்எச்’ என்றிருந்தால் 150, ‘யூஎச்’ என்றிருந்தால் 180.

கேள்வி: வெப்பத்தைத் தாங்குவதற்காக நியோடிமியம் காந்தத்தில் சேர்க்கும் டிஸ்புரோசியம் என்ற அருமண் உலோகத்தை உருக்கும்போதே கலந்துவிடலாமே?

பதில்: கலக்கலாம். ஆனால் அதன் அணுக்காந்தத் திருப்புத்திறன் (ஒவ்வோர் அணுவும் சிறு காந்தமாகச் செயல்படும் வலு) இரும்பினதற்கு எதிர்த்திசையில் அமைவதால் காந்தத்தின் மொத்த வலு குறையும். காந்தநீக்கம் மணிகள் எனப்படும் நுண்படிகங்களின் விளிம்பில் தொடங்குவதால், சின்டரிங் (அழுத்திய தூளைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்துதல்) முடிந்தபின் டிஸ்புரோசியத்தை மேற்பரப்பில் பூசி 900 டிகிரியளவில் சூடாக்கி, மணி எல்லைகளின் வழியே ஊடுருவச் செய்வதே சிக்கனமானது. தடித்த காந்தங்களின் நடுப்பகுதியை அது எட்டாது.

கேள்வி: எங்கள் சமாரியம்–கோபால்ட் 2:17 (இரண்டு சமாரியம் அணுவுக்குக் கோபால்ட் முதலிய உலோக அணுக்கள் பதினேழு) காந்தங்களின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் இருந்தும் காந்த நீக்குத்திறன் மிகக் குறைவாக வருகிறது. சின்டரிங் வெப்பநிலையைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். அடர்த்தி எட்டியதென்றால் சின்டரிங் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு மேல் சூடேற்றினால் சமாரியம் ஆவியாகிக் கலவை விகிதமே கெடும். 1200 டிகிரியளவில் கெட்டிப்பட்ட கட்டியை, சற்றுக் குறைந்த வெப்பநிலையில் ஒருபடித்தாக்கி (கலவை எங்கும் ஒரே சீராகும்படி வைத்திருந்து) விரைந்து குளிர்வித்து, பிறகு 800 முதல் 850 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்கும்போது, 2:17 அறைகளும் அவற்றைச் சூழ்ந்த 1:5 சுவர்களுமாக நுண்ணமைப்பு உருவாகிறது. அங்கிருந்து 400 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி போல மெல்ல இறக்கும்போதுதான் கலவையிலுள்ள செம்பு அந்தச் சுவர்களில் செறிந்து, காந்தப் பகுதிகளின் எல்லைகளை நகரவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. இந்த ஏழெட்டு மணி நேரத்தை அவசரப்படுத்தினால் அறைகள் இருக்கும், பிடிப்பு இருக்காது. அத்தனை உழைப்பும் கடைசிக் கட்டத்தில் வீணாவதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதலில் உலையின் குளிர்விப்புப் பதிவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஆக்சிஜன் அளவைச் சோதியுங்கள்; அரைத்த தூள் சில மைக்ரான் அளவே இருப்பதால் காற்றுப்பட்டவுடன் சமாரியம் ஆக்சைடாகி, சுவர்களுக்கு வேண்டிய பங்கு குறைந்துவிடும். குளிர்விப்பு மட்டுமே பிழையென்றால் காந்தங்களை எறிய வேண்டாம். ஒருபடித்தாக்குவதிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

கேள்வி: இவை இந்தியாவில் தயாராகின்றனவா?

பதில்: ஆம். விசாகப்பட்டினத்தில் ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சமாரியம்–கோபால்ட் காந்த ஆலை 2023 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் ஆண்டுத் திறன் 3,000 கிலோ.