அப்லேஷனுக்கு முன் மதுவை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் (இதயத் திசுவில் சிறு தழும்பிட்டுச் செய்யும் சிகிச்சை) செய்யவிருக்கிறார்கள். வாரம் பத்துப் பன்னிரண்டு பெக் குடிப்பேன். குறைத்தால் போதுமா?

பதில்: முழுதாக நிறுத்துவதே நல்லது, முடியாவிட்டால் குறைப்பதும் வீணாகாது. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இந்தக் கோளாறு உள்ள, வாரம் 10 அளவோ (ஸ்டாண்டர்டு டிரிங்க்) அதற்கு மேலோ குடித்த 140 நோயாளிகள் பங்கேற்றனர். ஆறு மாதக் கண்காணிப்பில், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்குக் கோளாறு திரும்பியது. நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம். இத்தனைக்கும் பின்னவர்களில் எல்லோரும் அறவே நிறுத்திவிடவில்லை. சராசரியாக வாரம் 17லிருந்து 2 அளவாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

காரணம் இதுதான்: அப்லேஷன் முக்கியமாக நுரையீரல் சிரைகள் இதயத்தில் சேரும் இடத்தைச் சுற்றியே தழும்பிட்டு, கோளாறான மின்துடிப்புகளைத் தடுக்கிறது. தொடர்ந்த குடியோ இதயத்தின் மேலறையையே விரியவைத்து, அதன் சுவரில் நார்த்திசுவை வளர்க்கிறது. அங்கிருந்து புதிதாகக் கோளாறு கிளம்பலாம். ரத்த அழுத்தமும் உடல் எடையும் கூடுவது தனிச் சுமை.

தினமும் அதிகம் குடிப்பவர் மட்டும் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்துங்கள். ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், குடி மாறும்போது ஐஎன்ஆர் அளவும் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) மாறும், அடிக்கடி பரிசோதியுங்கள். துடிப்பு சீராகிவிட்டதென்று ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.