இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செங்குத்தான மலைச்சரிவில் ஆட்களை ஏற்றி இறக்கிய கிளிஃப்டன் ராக்ஸ் ரயிலை ஏன் பாறைக்குள் குடைந்து போட்டார்கள்? அது ஏன் நிலைக்கவில்லை?

சுருக்கமான பதில்: நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் வெளியே போட விடவில்லை. ஏவன் ஆற்று மலையிடுக்கின் பாறைச் சுவர் ஊரின் அழகு, அதில் தண்டவாளம் தெரியக் கூடாது என்று பிரிஸ்டலின் பழைய வணிகர் சங்கமான மெர்ச்சன்ட் வென்ச்சரர்ஸ் சொல்லிவிட்டது. பணம் போட்ட பத்திரிகை அதிபர் ஜார்ஜ் நியூன்ஸுக்குச் சுரங்கத்தை விட்டால் வேறு வழியில்லை.

பழனி விஞ்ச் மாதிரிதான் இதுவும். ஆனால் இழுப்பதற்கு மோட்டார் கிடையாது. ஒரே கம்பிவடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி. கீழே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று பார்த்து மேல் பெட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். கனம் கூடியதும் அது இறங்கும், கீழே இருப்பது ஏறும். பிரேக்காரர் வேகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். கீழே கொட்டிய தண்ணீரை இயந்திரம் வைத்து மறுபடி மேலேற்றினார்கள். இப்படி இரண்டு ஜோடிகள், ஒரே சுரங்கத்தில் நான்கு பெட்டிகள். ஏற்றம் சுமார் 200 அடி.

இனி பாறைக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பக்கத்தில் இருக்கும் கிளிஃப்டன் தொங்கு பாலத்தைச் சுற்றியுள்ள பாறைச் சுவர்கள் முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கடல் அல்லிகள் என்ற கடல் உயிரினங்களின் தண்டுத் துண்டுகள் சின்னச் சின்ன வளையங்களாகத் தெரியும், பவளங்களும் உண்டு. இங்குள்ள பவளங்களையும் கைக்காலிச் சிப்பிகளையும் வைத்துத்தான் புவியியலாளர் ஆர்தர் வாகன் 1905-இல் இந்தச் சுண்ணாம்புக்கல்லை வயதுவாரியாகப் பிரித்தார்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல்லில் செதுக்கியது போலத் தோன்றும். உண்மையில் அடுக்குகள் எல்லாம் சாய்ந்து கிடக்கின்றன. தொங்கு பாலத்துக்கு அருகே ஒரு பெரிய பிளவில் பழைய அடுக்கு இளைய அடுக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படி நொறுங்கிய இடத்தில் சுரங்கம் தோண்டினால் என்ன ஆகும்? வெடி வைத்தால் கல் நினைத்த அளவுக்கு மட்டும் உடையாது. உள்ளே முழுக்கக் கனமான செங்கல் வளைவு கட்ட வேண்டி வந்தது. வேலை இரண்டு ஆண்டுகள் இழுத்தது, செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. 1893 மார்ச்சில்தான் திறந்தார்கள்.

ஆறு ஏன் இவ்வளவு கடினமான மேட்டை அறுத்துக்கொண்டு போனது என்றும் கேட்பார்கள். தெற்கே மென்மையான வழி இருந்ததே? மேலே ஒரு காலத்தில் மூடியிருந்த இளைய பாறையில் ஓடிய ஆறு, அது கரைந்த பிறகும் அதே தடத்தில் கீழிறங்கியது என்பது ஒரு விளக்கம். பனியுகத்தில் வழி அடைபட்டுத் திரும்பியது என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

சரி, ஏன் நிலைக்கவில்லை? நியூன்ஸும் பொறியாளர் ஜார்ஜ் மார்க்ஸும் சேர்ந்து இங்கிலாந்தின் வேறு இரண்டு ஊர்களில், 1890-இல் லின்டனிலும் 1892-இல் பிரிட்ஜ்நார்த்திலும், இதே போன்ற ரயில்களைப் போட்டார்கள். இரண்டும் திறந்த வெளியில் போட்டவை, இரண்டும் இன்றும் இருக்கின்றன. லின்டனில் இப்போதும் ஆற்றுத் தண்ணீரின் எடைதான் வேலை செய்கிறது. கிளிஃப்டனில் மட்டும், இங்கிலாந்தின் அருமையான காட்சிகளில் ஒன்றின் பக்கத்திலேயே பயணியை இருட்டுக்குள் ஏற்றி இறக்கினார்கள். காட்சியைக் காப்பாற்றியதில் நியாயம் இருக்கிறது, வியாபாரத்துக்கு அது ஆகவில்லை. அப்புறம் போர்ட்வே சாலை போடுவதற்காக, கீழ் நிலையத்தருகே வந்துகொண்டிருந்த ரயில் பாதையை 1922-இல் மூடினார்கள். கூட்டம் இன்னும் குறைந்தது. 1934-இல் இதுவும் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போர் வந்ததும் அந்த இருட்டுக்கே மதிப்பு வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் உள்ளே தங்கினார்கள், பிபிசி அவசரகால ஒலிபரப்பு நிலையத்தையே அங்கே அமைத்தது. போர் முடிந்த பிறகும் 1960 வரை பிபிசி அந்த இடத்தை விடவில்லை.