மர்சுவான் ஆகப் போகிறேன் என்று மகன் சொல்லும்போது

அக்காவுக்கு வணக்கம்.

போன புதன்கிழமை மத்தியானம் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்கப் பிள்ளைகள் இருவரையும் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பாதி நேரம் நீங்கள் கண்ணைத் துடைப்பதிலேயே போனது. மீதி நேரம் உங்கள் மகன் தம்பி தன் போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தான். படகின் முன்கதவு தொப்பென்று விழுகிறது, இடுப்பளவு தண்ணீரில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பையன்கள் கரைக்கு ஓடுகிறார்கள். "நான் மர்சுவான் ஆகணும் அங்கிள்" என்றான் அவன். "இதுக்கா பத்து மாசம் சுமந்தேன்" என்றீர்கள் நீங்கள். அதற்குள் அடுத்த குடும்பம் கதவைத் தட்டிவிட்டது. அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மர்சுவான்கள் இருக்கிற பிரெஞ்சுப் படைக்கு ட்ரூப் தெ மரீன் என்று பெயர் இருப்பதால் எல்லாரும் அதைக் கடற்படை என்று நினைக்கிறார்கள். பெயரில்தான் கடல், ஆட்கள் தரைப்படை. மர்சுவான் என்றால் கடற்பன்றி. கப்பலில் சும்மா ஏறி வருகிற காலாட்படைக்காரனுக்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் என்பார்கள். சான்-பியேர் பக்கம் பியேர்ஃபோனில் முகாம் போட்டிருக்கிற இரண்டாவது பாராசூட் ரெஜிமென்ட், 1973இல் மடகாஸ்கரை விட்டு நம் ரெயூனியன் தீவுக்கு வந்தது, இந்த வகைதான். தம்பி காட்டிய வீடியோவில் படகை ஓட்டியவர் கடற்படைக்காரர், அதிலிருந்து குதித்தவர்கள் தரைப்படைக்காரர்கள். இரண்டுக்கும் வாசல் வேறு, ஒப்பந்தம் வேறு. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு "என் கப்பல் எங்கே?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ராணுவத்தில் ஆபத்தே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த வீடியோவில் வருகிற மாதிரி, எதிரி காத்திருக்கும் கரையில் போய் நேராக மோதுகிற சண்டையைப் பெரிய நாடுகளே இப்போது தவிர்க்கப் பார்க்கின்றன. ஈழத்துப் பத்திரிகைகள் இதை 'ஈரூடகம்' என்று எழுதும். கடலிலும் நிலத்திலும் சேர்ந்து செய்கிற போர். இந்தப் போரில் கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல். கரையில் ஒரு லாரியை மறைத்து வைத்து ஏவுகணை விடலாம். 2022 மார்ச்சில் உக்ரைனின் பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ரஷ்யாவின் சரத்தோவ் என்ற தரையிறங்கு கப்பல் எரிந்தே போனது. 2024 பிப்ரவரியில் சேசர் குனிக்கோவ் என்ற இன்னொன்றைக் கருங்கடலில் ஆளில்லாப் படகுகள் மூழ்கடித்தன. ஒரு கப்பலுக்குள் நூற்றுக்கணக்கான ஆட்களையும் வண்டிகளையும் அடைத்துக்கொண்டு கரைக்குப் போவது இன்று எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று சொல்ல இந்த இரண்டே போதும்.

கணக்கு மாறினால் கொள்முதலும் மாறும். அமெரிக்க மரைன் படை 2020இல் ஒரு புதிய திட்டம் போட்டுத் தன்னிடமிருந்த டாங்கிகளை மொத்தமாக விட்டுவிட்டது. சின்னச் சின்னக் குழுக்களாகத் தீவுகளில் சிதறி நின்று, கப்பலை அடிக்கும் ஏவுகணை வைத்திருப்பதுதான் இனி அவர்கள் வழி. பிரிட்டன் தன் பெரிய தரையிறங்கு கப்பல் ஓஷனை 2018இல் பிரேசிலுக்கு விற்றது. ஆல்பியன், புல்வார்க் இரண்டுக்கும் 2024 நவம்பரில் ஓய்வு கொடுப்பதாக அறிவித்தது. சிறு குழுக்களாகப் போய் அடிப்பதுதான் அவர்களுடைய கமாண்டோக்களின் இப்போதைய பேச்சும்.

பிரான்ஸ் இன்னும் மூன்று மிஸ்த்ரால் ரகத் தரையிறங்கு கப்பல்களை வைத்துக்கொண்டிருக்கிறது. 199 மீட்டர் நீளம், 16 ஹெலிகாப்டர், 450 படைவீரர், உள்ளே 69 படுக்கை கொண்ட மருத்துவமனை. ஆனால் அவை செய்த வேலையைப் பாருங்கள். 2006இல் மிஸ்த்ரால் லெபனானிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், மிஸ்த்ரால் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மயோத்துக்கு வந்து நம் தீவுக்கும் அங்கேயும் சாமான் சுமந்தது. 2024 டிசம்பர் 14இல் சிதோ புயல் மயோத்தைச் சூறையாடியபோது இங்கே லெ போர் துறைமுகத்திலிருந்து நிவாரணம் கொண்டுபோனது, நம் தீவிலேயே நிற்கிற சின்னக் கடற்படைக் கப்பல் சாம்ப்ளேன். அந்தச் சாம்ப்ளேனை ஒரு நாள் துறைமுகம் பக்கம் போய்ப் பாருங்கள். அதற்கு முன் இங்கே இருந்த லா கிராந்தியேர் என்ற கப்பல் மூக்கைத் திறந்து மணலிலேயே ஏறி நிற்கக்கூடிய ரகம். 2017இல் வந்த சாம்ப்ளேனுக்குத் திறக்கிற மூக்கே கிடையாது. முதுகில் ஒரு கிரேன், சாமான் வைக்கத் தளம், அவ்வளவுதான். நம் கடலுக்கு என்ன தேவை என்று பாரிஸில் உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார்கள்; எனக்கு அது சரியான யோசனையாகத்தான் படுகிறது.

இதைச் சொல்லும்போது லா கிராந்து-ஷலூப் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோரைக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பும் முன் அடைத்து வைத்த லாசரே என்ற நோய்த்தடுப்பு முகாம் அங்கேதானே இருக்கிறது, மாலை போடப் போவோமே. 1810 ஜூலையில் ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிடிக்கப் படை இறக்கியது அதே கரையில். வந்த சிப்பாய்களில் மதராஸ் படைக்காரர்களும் உண்டு. இன்னொரு பிரிவு சான்-மரி பக்கம் இறங்கப் பார்த்து அலையில் படகுகளை உடைத்துக்கொண்டது. ஈரூடகப் போர் நமக்கு அந்நியமான விஷயம் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். படையைப் பார்த்துச் சேராதே, தொழிலைப் பார்த்துச் சேர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனிடம் ரெஜிமென்ட் பெயரை மட்டும் பேசி அனுப்பி வைத்தேன். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் கையில் இருந்த தகுதி, காவல் நிற்கத் தெரியும் என்பது ஒன்றுதான். தப்பு அவனுடையது இல்லை.

தம்பி வண்டி பராமரிப்பில் பாக் ப்ரோ என்ற தொழிற்கல்விப் படிப்புப் படிக்கிறான். அவன் வீடியோவிலேயே அவன் கவனிக்காத ஒரு பொருள் இருந்தது, அந்தப் படகு. அது பிரெஞ்சுக் கடற்படையின் வேகத் தரையிறங்கு படகு; அந்த ரகத்தில் நான்குதான் இருக்கின்றன. இரட்டை உடல் படகு. நடுவில் வண்டிகள் நிற்கிற மேடையை ஹைட்ராலிக் சிலிண்டர்கள் மேலே தூக்கும், கீழே இறக்கும். மேடை மேலே இருக்கும்போது படகு வேகமாகப் போகும். கரைக்கு வந்ததும் மேடையை இறக்கினால் தட்டையான அடிப்பாகமாகி மணலில் உட்காரும். நாலு டீசல் எஞ்சின், நாலு வாட்டர்ஜெட், 80 டன் வரை சுமை. இரண்டு பக்கமும் திறப்பதால் வண்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். கடலில் உப்பு அரித்த ஒரு சிலிண்டர் பாதி வழியில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவனைக் கேளுங்கள். அவனுக்கு விடை தெரியும். அவன் லிசே பள்ளிப் பட்டறையில் தினமும் செய்வது அதுதான். இந்தப் படகுகள் தூலோனில் கடற்படையின் ஈரூடகப் பிரிவிடம் இருக்கின்றன. அந்தப் பிரிவுக்கு மெக்கானிக் தேவைப்படாத நாள் வராது. நாளைக்கு ராணுவம் இந்தப் படகை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கினாலும் டீசலும் ஹைட்ராலிக்ஸும் அவன் கையில் இருக்கும்.

அதனால் படைகளுக்கு ஆள் சேர்க்கிற சிர்ஃபா அலுவலகத்துக்குப் போகும்போது தரைப்படை மேசையோடு நிற்காமல் கடற்படை மேசைக்கும் போகச் சொல்லுங்கள். மாலுமியாக நாலு வருஷ ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பாக் முடித்திருந்தால் பிரெஸ்தில் மெஸ்த்ரான்ஸ் பள்ளி வழியாகச் சார்நிலை அதிகாரி ஆகலாம், அது பத்து வருஷ ஒப்பந்தம். எதுவானாலும் என்ன தொழில் என்பது காகிதத்தில் எழுத்தாக இருக்க வேண்டும், வாய் வார்த்தை போதாது. அவனுக்கு 18 முடியவில்லை என்றால் உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது, அதனால் நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். அங்கேயே முடிவெடுக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பியேர்ஃபோனிலேயே இருந்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிடலாம் என்ற கனவையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இங்கே சேர்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் மெத்ரோபோலுக்கு, அதாவது ஐரோப்பாவில் இருக்கிற பிரான்சுக்குத்தான் போகிறார்கள்.

பென்ஷன் கேட்டீர்கள். காரைக்காலில் உங்கள் வீட்டிலும் புதுச்சேரியில் எங்கள் வீட்டிலும் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் பென்ஷனில்தான் அடுப்பெரிந்தது, அதனால் கேள்வி நியாயமானது. என் அப்பா காலத்தில் 15 வருஷம் போட்டால் போதும். இப்போது சாதாரணப் படைவீரருக்கு 17. முதல் ஒப்பந்தத்தோடு வெளியே வருகிறவனுக்கு உடனே பென்ஷன் கிடையாது. அவனை அன்று காப்பாற்றப் போவது கைத்தொழில் மட்டும்தான். இவ்வளவுக்கும் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் தீவிலேயே ராணுவம் நடத்துகிற தொழிற்பயிற்சிப் பிரிவான ஆர்எஸ்எம்ஏ இருக்கிறது. சீருடை உண்டு, ஒழுக்கம் உண்டு, தொழில் கற்றுத் தருவார்கள். தம்பிக்கு அது கொஞ்சம் சின்னதாகத் தெரியும், எனக்குத் தெரியும்.

கடைசியாக உங்கள் மகள் பாப்பா. நீங்கள் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது அவள் மூலையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ரஷ்யாவுக்காகச் சான்-நசேரில் கட்டிய இரண்டு மிஸ்த்ராலை 2015இல் கொடுக்க மறுத்து எகிப்துக்கு விற்றார்களே, உள்ளே இருந்த ரஷ்யக் கருவிகளை யார் கழற்றியிருப்பார்கள், அதற்கு யார் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று. பிரான்ஸ் ரஷ்யாவுக்குத் திருப்பிக் கொடுத்தது கிட்டத்தட்ட 95 கோடி யூரோ. அந்தப் பேரத்துக்குப் பின்னால் பொறியாளர்கள், வக்கீல்கள், கணக்காளர்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். பிரெஞ்சு அரசுக்கு ஆயுதம் வாங்கித் தருகிற டிஜிஏ என்ற அமைப்பில் சுமார் 10,000 பேர் வேலை செய்கிறார்கள். என்ன வாங்குவது, வாங்கியது சொன்னபடி ஓடுகிறதா என்று சோதிப்பது அவர்கள் வேலை. 2023இல் வந்த சட்டம் 2024 முதல் 2030 வரை ராணுவத்துக்கு ஒதுக்கியது 41,300 கோடி யூரோ, அதனால் ஆள் தேவை இப்போதைக்குக் குறையாது.

அவள் பள்ளியின் கடைசிக்கு முந்தைய வருஷமான பிரெமியேரில் கணக்கும் இயற்பியலும் எடுத்திருக்கிறாள் என்றீர்கள். கடைசி வருஷமான டெர்மினாலில் கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். லெகோந்த் தெ லீல் லிசேயில் ப்ரெபா என்ற நுழைவுத் தேர்வுத் தயாரிப்பு வகுப்பு, அப்புறம் போட்டித் தேர்வு எழுதி பிரெஸ்தில் என்ஸ்டா மாதிரி ஒரு பொறியியல் பள்ளி. தீவை விட்டுப் போகத்தான் வேண்டும், ஆனால் அவள் கையில் துப்பாக்கி இருக்காது. தம்பிக்குக் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமை வரும்போது பாப்பாவின் கடைசி இரண்டு புல்தெனையும், அதாவது மதிப்பெண் அறிக்கைகளையும் எடுத்து வாருங்கள்.