சக்கரம் இருந்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கணவரும் எங்கள் கையாலேயே ஒரு சின்ன வீடு கட்டி வருகிறோம். இழுவை வண்டியின் மேல், 8 அடி அகலம், 20 அடி நீளம். சட்டம், கூரை, ஜன்னல் எல்லாம் முடிந்துவிட்டது. முதலில் நண்பரின் தோட்டத்தில் வைப்பதாக இருந்தது, அவர் நிலத்தை விற்கப்போகிறார். அப்புறம் ஒரு வாடகை மனை பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை. இப்போது ஒரு சரிவு நிலத்தை வாங்கலாமா என்று பேச்சு. அங்கே சக்கரத்தைக் கழற்றிவிட்டு அஸ்திவாரம் போடலாமா? இப்படி மாற்றிக்கொண்டே இருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. "எங்கே வைத்தால் என்ன, சக்கரம்தான் இருக்கிறதே" என்கிறார் கணவர்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

திட்டம் மாறியதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நிலத்தை விற்பது நண்பரின் உரிமை, வாடகை மனை போனால் போகட்டும். கூரை வரை சொந்தக் கையால் ஏற்றியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

ஆனால் உங்கள் கணவர் சொன்னதை அப்படியே விட முடியவில்லை. எங்கே வைத்தால் என்னவா? நண்பரின் தோட்டத்தை மனதில் வைத்துத்தானே ஜன்னல் வெட்டினீர்கள்? அந்த மரங்கள் வண்டியோடு வரப்போவதில்லை. சரிவு நிலத்தில் ஒரு கீற்றைச் சமன்செய்து, சரிவுக்குக் குறுக்காகத்தான் பெரும்பாலும் வண்டியை நிறுத்த முடியும். அப்படி நிறுத்தினால் பெரிய ஜன்னல் எந்தத் திசைக்கு வரும்? மேற்கே வந்தால் 160 சதுர அடி அறையில் கோடை மாலைகளில் உட்கார முடியாது. இதை யோசிக்காமல் நிலம் வாங்கும் பேச்சை எடுத்துவிட்டீர்களே!

என் அப்பா வாழ்நாளில் ஒரே ஓர் அறைதான் கட்டினார். கட்டுமுன் மாதக்கணக்கில் அந்த மண்ணில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு மரத்தின் நிழல் காலையில் எதுவரை வருகிறது, மாலையில் எதுவரை என்று பார்த்து நுனியில் ஒரு குச்சி. குச்சியின் தலையில் பென்சிலால் மாதத்தின் பெயர். பெருமழை விட்டதும் குடையோடு போய், தண்ணீர் தேங்கிய விளிம்பு நெடுக இன்னொரு வரிசை அடிப்பார். அந்த இரண்டு வரிசைக்கும் வெளியே மிஞ்சிய இடத்தில்தான் அறை எழுந்தது. அம்மா பொறுமையிழந்து சத்தம் போடுவார், அவர் அசைய மாட்டார். அந்த அறையில் ஒருநாளும் ஈரம் ஏறியதில்லை. சரிவு நிலத்தில் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நீங்கள் ஒருமுறையாவது நின்று பார்த்தீர்களா?

சக்கரத்தை இவ்வளவு நம்பாதீர்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜே ஷேஃபர் என்பவர் தன் சின்ன வீட்டைச் சக்கரத்தின் மேல் கட்டியது ஊர் சுற்ற அல்ல. அவ்வளவு சிறிய வீட்டைக் கட்டட விதி அனுமதிக்கவில்லை, அதற்காக. இடம் பெயரும் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் வீடு இருக்கிறது. 1845-இல் வால்டன் குளக்கரையில் 10 அடிக்கு 15 அடியில் அவர் கட்டியது நண்பர் எமர்சனின் நிலத்தில். தோரோ அங்கிருந்து கிளம்பியபின் அதை வேறிடத்துக்கு நகர்த்தித் தானியம் போட்டுவைத்தார்கள், கடைசியில் மரத்துக்காகப் பிரித்துவிட்டார்கள்.

ஒரு மழைக்காலம் பொறுங்கள். அதுவரை வீடு தார்ப்பாய்க்குள் இருக்கட்டும், பாரத்தை டயரில் விடாமல் முட்டுக்கட்டையில் ஏற்றிவையுங்கள். ஓடாமல் நின்றாலும் டயர் வெயிலில் வெடிப்பு விடும். கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த நிலத்துக்குப் போய்க் குச்சி அடியுங்கள். ஜன்னலை மாற்ற வேண்டியிருந்தால் உட்பலகை அடிப்பதற்கு முன் இப்போதே மாற்றுவது எளிது.

அஸ்திவாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலம் உங்கள் பெயருக்கு வந்து, அனுமதியும் கையில் கிடைத்தால் போடுங்கள். அதுவரை சக்கரத்தைக் கழற்ற வேண்டாம்.