சாலை மூடிவிட்டால் டயாலிசிஸ் என்னாவது?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக வாரம் இருமுறை கோவை போய் டயாலிசிஸ் செய்கிறோம். மூன்று முறை வரச் சொல்கிறார் டாக்டர். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் அந்த இரண்டும்கூடத் தவறிவிடுகிறது. என்ன செய்ய?
— வாசகி, மஞ்சூர்

பதில்: டாக்டர் சொல்வது சரி. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. நான்கு மணி நேரம் வீதம் மூன்று முறை போனாலும் மெஷின் ஓடுவது 12 மணி நேரம்தான். சிறுநீர் இன்னும் ஓரளவு நன்றாகப் போகிறவர்களுக்குச் சில காலம் இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம். அப்பாவுக்கு ஒரு நாளில் எவ்வளவு போகிறது என்று அளந்து காட்டுங்கள்.

கனமழை எச்சரிக்கை வந்தால் டயாலிசிஸை முன்கூட்டியே செய்து தருவார்களா என்று கேளுங்கள். தவறிவிட்டால் அடுத்த முறை வரை தண்ணீர், உப்பு, பொட்டாசியம் மூன்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். குளிரில் வியர்வை குறைவு. குடித்தது உடம்பிலேயே தங்கும். போகிற வீட்டிலெல்லாம் நீட்டுகிற டீயும் இந்தக் கணக்கில்தான் சேரும். தினமும் காலையில் எடை பாருங்கள். நம் மலையில் விளைகிற உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வாழைப்பழம், இளநீர் வேண்டாம். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதும் வேண்டாம். அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கைகால் சோர்ந்து விழுவது, நெஞ்சு படபடப்பது என்று எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கோவைதான் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். குன்னூரோ ஊட்டியோ, எந்தப் பக்கம் சாலை திறந்திருக்கிறதோ அங்கே போங்கள். ஈசிஜி எடுத்து, ஏறிய பொட்டாசியத்தை ஊசி மருந்தால் தற்காலிகமாகவாவது இறக்கலாம்.

உங்கள் ஊர்க்காரர் என்றால் நான் முதலிலேயே யோசிப்பது வயிற்று வழி டயாலிசிஸைத்தான். வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, திரவப் பையை வீட்டிலேயே தினமும் மூன்று நான்கு முறை மாற்றுவது. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மழைக்கு முன்பே இருப்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். கை கழுவாமல் தொட்டால் கிருமி வயிற்றுக்குள் போய்விடும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. குளிரில் பையைச் சூடாக்க வெந்நீரில் போடக் கூடாது, உலர்ந்த சூடுதான்.

எது பொருந்தும் என்று முடிவாகும் வரை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கிற கையில் வேறு ஊசி, பிபி பட்டை எதுவும் வேண்டாம். அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் அன்றே டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள்.